ஒழுங்கையில் மரம் வைக்க: கன்றை விடுங்கள், கூட்டைக் கேளுங்கள்

கொக்குவிலில் ஓர் ஒழுங்கை முகப்பில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். காலை 8 மணி தொடக்கம் பின்னேரம் 6 மணி வரைக்கும் ஒரே இடத்தில் குந்தியிருந்து வேலை பார்ப்பவனுக்கு, அந்த ஒழுங்கையில் எந்த மரம் எப்போது வாடியது, எந்த ஆடு எந்தக் கன்றைத் தின்றது என்பதெல்லாம் கணக்காகத் தெரியும். எங்கள் சனசமூக நிலையத்தின் பொருளாளரும் நான்தான். அதாவது கடிதங்களைத் தூக்கிக்கொண்டு கந்தோர் கந்தோராகத் திரிபவன்.

எங்கள் முதல் மரநடுகை நல்ல விமரிசையாக நடந்தது. 24 கன்றுகள். வந்தவர்கள் ஆளுக்கொரு கன்றைப் பிடித்தபடி படமெடுத்தார்கள். அடுத்த சித்திரையில் எண்ணிப் பார்த்தேன், 3 நின்றன. அதில் ஒன்று பிழைத்ததற்குக் காரணம் என் கடை வாளி. ஒட்டுப்போடும்போது ஓட்டை பார்க்க ரியூப்பை அமிழ்த்துகிற தண்ணீரைப் பின்னேரத்தில் ஊற்றுகிற இடம் அந்த வேம்பின் அடி.

அன்றைக்கு விளங்கியதைத்தான் எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் இலவசக் கன்றுக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் கன்றைச் சுற்றி நிறுத்தும் இரும்புக் கூட்டுக்கும் தண்ணீருக்கும்தான். கந்தோர் வாசல் ஏறும்போது கையில் இருக்கும் ஒரே கடிதத்தில் கன்றைக் கேட்டுவிட்டு வராதீர்கள்.

முதல் வேலை, வீதி யாருடையது என்று அறிவது

எங்கள் ஆட்கள் பாதிப்பேர் இங்கேதான் பிழை விடுகிறார்கள். வீட்டு வாசலில் ஓடுகிற வீதியென்றால் அது சபையின் வீதி என்று நினைப்பு. அப்படியில்லை. கண்டி வீதி மாதிரி ஏ, பி தரத்தில் உள்ள பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குச் சொந்தம். அதற்கடுத்த சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. மிச்சமுள்ள உள்வீதிகளும் ஒழுங்கைகளும்தான் மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ உரியவை. சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கண்டு வீதியின் பெயரைச் சொன்னால், யாருடையது என்று சொல்லிவிடுவார்.

கேட்கும்போதே இன்னொன்றையும் கேளுங்கள்: வீதியை அகலமாக்கும் எண்ணம் இருக்கிறதா, எந்தப் பக்கம் குடிநீர்க் குழாய் போகிறது? தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. குடிநீர்க் குழாய் எங்கே புதைந்திருக்கிறது என்று பாராமல் அலவாங்கை இறக்கினால், மரநடுகை வேறு மாதிரி முடியும். மேலே மின்கம்பியையும் பாருங்கள். ஒரு வருடம் நான் நல்ல நிழல் வருமென்று கம்பிக்கு நேர்கீழே வாகை வைத்தேன். ஆறாம் வருடம் கிளை வெட்ட வந்தவர்கள் அதை மொட்டையடித்துவிட்டுப் போனார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை. பிழை நட்டவனுடையது. கம்பிக்குக் கீழே தேமா, மாதுளை, பொன்னலரி போன்ற குள்ளமான மரங்கள் போதும்.

கடிதம்: நல்லூர்த் தேர் முடிந்த கையோடு

சபைகள் அடுத்த வருடப் பாதீட்டைக் கார்த்திகை, மார்கழியில் நிறைவேற்றும். மழை தொடங்கிய பிறகு கடிதம் கொடுத்தால் "இந்த வருடம் காசில்லை, அடுத்த வருடம் பார்ப்போம்" என்ற பதில்தான் வரும். அதனால் நான் வைத்திருக்கும் கணக்கு இது: ஆவணி வாக்கில் நல்லூர்க் கோயில் தேர் முடிந்து, வீதியெல்லாம் கூட்டித் துப்புரவாக்கி முடித்த கிழமையில் கடிதம் போக வேண்டும்.

தனியாளாக எழுதாதீர்கள். சனசமூக நிலையம், கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம் என்று பதிவுள்ள ஏதாவது ஒன்றின் கடிதத்தாளில், முத்திரையோடு எழுதுங்கள். மாநகர சபையென்றால் ஆணையாளருக்கு, பிரதேச சபையென்றால் தவிசாளருக்கும் செயலாளருக்கும். வட்டார உறுப்பினருக்கும் கிராம அலுவலருக்கும் ஒவ்வொரு பிரதி. கிராம அலுவலரை எங்கள் ஆச்சிமார் இன்னமும் விதானையார் என்றுதான் சொல்வார்கள். உங்கள் கைப்பிரதியில் "பெற்றுக்கொள்ளப்பட்டது" என்ற முத்திரையும் திகதியும் வாங்காமல் படியிறங்க வேண்டாம். என்னுடைய முதல் கடிதம் ஒரு கந்தோரில் காணாமல் போனது. கைப்பிரதியில் முத்திரை இல்லாததால், நான் கொடுக்கவேயில்லை என்று ஆகிவிட்டது.

கடிதத்தில் என்ன எழுதுவது? "மரம் நட்டு உதவவும்" என்று எழுதினால் கன்றுதான் வரும். நான் எழுதுவது இப்படி:

"எங்கள் ஒழுங்கையில் 12 இடங்களை அடையாளமிட்டுள்ளோம். கன்றுகளும் நடும் ஆட்களும் எங்களிடம் உண்டு. 12 இரும்புக் கூடுகளும், மாசி தொடக்கம் புரட்டாதி வரை கிழமைக்கு ஒரு தடவை தண்ணீர்ப் பவுசரும், ஒழுங்கைக்குக் கொங்கிரீட் போடும்போது ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் 3 அடி மண் விடுவதற்கான அனுமதியும் தேவை."

பின்னால் ஒரு தாளில் ஒழுங்கையைக் கீறி, 12 புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் எதிரே உள்ள வீட்டுக்காரரின் கையெழுத்தையும் வாங்கி இணைப்பேன். இந்தக் கையெழுத்துத்தான் கடிதத்தின் உயிர். "என் வாசலை மறைக்குது" என்று பின்னர் முறைப்பாடு வராது என்பதற்கு அதுதான் உத்தரவாதம், அந்தப் பயம்தான் அதிகாரிகளுக்கு முதற்பயம். 12 கூடு கேட்டு 5 கிடைத்தால் 5 மரம் வையுங்கள். 12 வைக்காதீர்கள்.

கன்று எங்கே எடுப்பது

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். நிழல் மரங்களுக்கு வனவளத் திணைக்களம். பழமரங்களுக்குத் திருநெல்வேலியில் விவசாயத் திணைக்களம். போனால் பக்கத்தில் அம்மாச்சி உணவகத்தில் தோசையும் சாப்பிட்டு வரலாம். தென்னம்பிள்ளைக்குத் தென்னை பயிர்ச்செய்கைச் சபை. பனைக்கு, 1978இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபை, கைதடியில். பனையைக் கன்றாகப் பிடுங்கி நட முடியாது. முளை நேரே கீழே போகும், அறுந்தால் அவ்வளவுதான். ஆவணி, புரட்டாதியில் விதையை நிற்க வேண்டிய இடத்திலேயே புதைக்க வேண்டும். ஒழுங்கைக்கு அது தோதுப்படாது, பனம்பழம் தலையில் விழும். குளக்கரைக்கும் கோயில் காணிக்கும் பனையைப் போல வேறொன்றில்லை.

ஒழுங்கைக்கு என் தெரிவு வேம்பு, புங்கு, மகிழ். பொறுமையுள்ளவர்களுக்கு இலுப்பை. குருநகர், நாவாந்துறை மாதிரி உப்புக் காற்றும் உவர் மண்ணும் உள்ள பக்கங்களுக்குப் பூவரசு. அதற்குக் கன்றுகூட வேண்டாம், மாரியில் ஒரு கதியாலை ஊன்றினால் துளிர்க்கும். நிழல்வாகையை ஒடுக்கமான ஒழுங்கையில் வைக்காதீர்கள், வேர் வீதியைக் கிளப்பிவிடும்.

ஒரு பகிடி என்னவென்றால், வருடத்தில் இலவசக் கன்று தாராளமாகக் கிடைப்பது யூன் 5, உலக சுற்றாடல் தினத்தில். எங்களுக்கு அது வைகாசி. தென்மேற்குக் காற்றான சோளகம் மண்ணை அள்ளி முகத்தில் அடிக்கிற காலம். அன்றைக்கு நட்ட கன்று அன்றைக்கே செத்தது மாதிரி. அதற்காகக் கன்றை வேண்டாமென்று சொல்லாதீர்கள். வாங்கி, பெரிய பையில் மாற்றி, நிழலில் வைத்து, ஐப்பசி வரைக்கும் வளருங்கள். கடைக்குப் பின்னால் பழைய ரயர்களை வட்டமாக அடுக்கி அதற்குள் கன்றுகளை நிறுத்தி வைப்பது என் வழக்கம், காற்றுக்குச் சாயாது. ஐப்பசிக்குள் முழங்காலளவு கன்று இடுப்பளவு வந்துவிடும். ஆடு மேயக் கொஞ்சம் யோசிக்கும் உயரம்.

நடுவதும் கட்டுவதும்

மழை இரண்டு தரம் நன்றாகப் பெய்து மண் ஊறியபின் நடுங்கள். 2 அடிக்கு 2 அடி, ஆழம் 2 அடி. செம்பாட்டில் மண்வெட்டியே போதும். சுண்ணாம்புக்கல் தட்டினால் அலவாங்கால் உடைத்து, கல்லை வெளியே எறிந்துவிட்டு நல்ல மண்ணும் மாட்டெருவும் போட வேண்டும். அடியில் பொச்சு மட்டைகளைக் குழிவுப் பக்கம் மேலே பார்க்க அடுக்குங்கள். மாரித் தண்ணீரை அவை பிடித்து வைத்திருக்கும்.

கட்டுவதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் திமிராகவே சொல்ல முடியும். கம்பியாலும் நைலோன் கயிற்றாலும் கட்டிய கன்றுகளின் கழுத்தில் வெட்டுக்காயத்தை நிறையப் பார்த்துவிட்டேன். பழைய சைக்கிள் ரியூப்பை ஓரங்குல அகலத்தில் நீளமாக வெட்டுங்கள். தடியைக் கன்றின் தென்மேற்குப் பக்கம் ஊன்றுங்கள், சோளகம் வருவது அங்கிருந்து. காற்று அடித்தால் கன்று தடியை விட்டு விலகிச் சாயுமே தவிர, தடியில் உரசாது. ரியூப்பை எட்டுப் போல முறுக்கி, முறுக்கு தடிக்கும் கன்றுக்கும் நடுவில் வரும்படி விட்டு, முடிச்சைத் தடியில் போடுங்கள், கன்றில் போடக்கூடாது. கன்றின் உயரத்தில் மூன்றிலொரு பங்கில் கட்டினால் போதும். தலை ஆடினால்தான் தண்டு தடிக்கும். வருடம் இரண்டு தரம் அவிழ்த்து இளக்கிக் கட்டுங்கள். ரியூப் எந்தச் சைக்கிள் கடையிலும் சும்மா தருவார்கள்.

இனி ஆடு. இரண்டு வீடு தள்ளி இருக்கும் ஆச்சியிடம் போய், ஆட்டைக் கட்டி வளர்க்கச் சொன்னேன். "தம்பி, ஆட்டுக்குத் தெரியுமே அது சபையின்ரை மரமெண்டு?" என்று கேட்டார். நியாயம்தானே. கூடு வரும்வரைக்கும் நான்கு சீமைக்கிளுவைக் கதியாலை ஊன்றி, சுற்றிப் பனையின் கருக்குமட்டையைக் கருக்கு வெளியே தெரியக் கட்டினேன். 5 அடி உயரம். முன்னங்காலைத் தூக்கி வைத்த ஆடு ஒரு தரம்தான் வைத்தது. சபை தந்த இரும்புக் கூட்டுக்கு வேறு எதிரி, பழைய இரும்பு வாங்குகிறவர். ஒவ்வொரு கூட்டிலும் இலக்கமும் சனசமூக நிலையத்தின் பெயரும் பெயின்றால் எழுதி, கூட்டின் கால்களை ஒரு சட்டி கொங்கிரீட்டில் புதைத்துவிட்டோம்.

தண்ணீர்ப் பவுசர் சொன்ன கிழமையெல்லாம் வராது. அதை நம்பி மட்டும் இருக்க முடியாது. எதிர்வீட்டுக் கையெழுத்துக்காரரிடம் கிழமைக்கு இரண்டு வாளி என்று பேசி வையுங்கள். கோடை மூன்று தாண்டினால் வேம்பு தன்பாட்டில் நிற்கும்.

நிற்கிற மரத்தைக் காப்பது

பலா, ஈரப்பலா, பெண் பனை, இந்த மூன்றையும் சொந்தக் காணியில் நின்றாலும் நினைத்தபடி தறிக்க முடியாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பித்து அனுமதி எடுக்க வேண்டும். வெட்டுகிற இடத்தில் "அனுமதித்தாளைக் காட்டுங்கோ" என்று மரியாதையாகக் கேட்கலாம். வீதியோர மரமென்றால் வீதிக்குரிய கந்தோரின் எழுத்து வேண்டும். சண்டை பிடிக்காதீர்கள், படமெடுத்துக்கொண்டு கிராம அலுவலரைக் கூப்பிடுங்கள். விடுமுறை நாளில்தான் வாள் சத்தம் கேட்கும், அது அனுபவம். அவருடைய இலக்கத்தை முன்னமே சேமித்து வைத்தால் நல்லது.

கடிதத்துக்குப் பதிலே இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 2016இன் 12ஆம் இலக்கம். "இந்த வருடப் பாதீட்டில் மரநடுகைக்கும் பராமரிப்புக்கும் ஒதுக்கிய தொகை எவ்வளவு, எங்கே செலவானது" என்று சபையின் தகவல் அலுவலருக்கு எழுதிக் கொடுங்கள். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் அறிவித்தாக வேண்டும். நான் ஒரு தரம்தான் கொடுத்தேன். பதில் வருவதற்கு முன்னமே தொழில்நுட்ப உத்தியோகத்தர் கடைக்கு வந்து, "என்ன அண்ணை, நேரே கேட்டிருக்கலாமே" என்றார். நேரே கேட்ட மூன்று கடிதத்தின் கைப்பிரதியையும், இந்த முறை முத்திரையோடு, எடுத்துக் காட்டினேன்.

கூட்டை எப்போது கழற்றுவது என்று கேட்பார்கள். தண்டு உங்கள் மணிக்கட்டைவிடத் தடிப்பானதும் கழற்றுங்கள். விட்டால் இரும்பை மரம் விழுங்கிவிடும், பிறகு வாளால்தான் அறுக்க வேண்டும். எங்கள் 2ஆம் இலக்க வேம்பின் கூட்டைப் போன மாதம் கழற்றி, லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் இடித்து நசிந்த 9ஆம் இலக்கத்துக்கு மாற்றினோம். இலக்கத்தை இன்னும் திருத்தி எழுதவில்லை.