செட்டிநாட்டு வீட்டில் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரை எடைபோடுவது எப்படி?

புக்‌ஷெல்ஃப் என்கிற சின்னப் பெட்டி ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தக் கம்பெனி நல்லது?" காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பழைய வீட்டில் இருப்பவர்கள் அதற்கு முன்னால் யோசிக்க வேண்டியது, எந்த அறையில் வைக்கப் போகிறோம் என்பதை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும், முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த வழவழப்பான சுண்ணாம்புச் சுவரும் ஒலியை உறிஞ்சுவதே இல்லை, அப்படியே திருப்பி அடிக்கும். அறையைச் சரிசெய்யாமல் ஸ்பீக்கரைக் குறை சொல்வது நியாயமில்லை. அதனால் அறையிலிருந்தே தொடங்குவோம்.

படி 1: கைதட்டிப் பாருங்கள்

அறையின் நடுவில் நின்று பலமாக ஒரு தட்டு தட்டுங்கள். சத்தம் உடனே நின்றால் நல்லது. "டிர்ர்ர்" என்று ஓர் இழுவை கேட்டால், எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி மோதி மோதித் திரும்புகிறது என்று அர்த்தம். தரையில் கனமான ஜமுக்காளம் விரியுங்கள். சேலை மாதிரி மெல்லிய துணியைத் தொங்கவிட்டுப் பெரிதாகப் பயன் இருக்காது, தடிமன் வேண்டும். புத்தக அலமாரி, மெத்தை, துணி போட்ட சோபா எல்லாம் உதவும். மறுபடி தட்டிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

வளவில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தில், வைக்கலாமா என்று பலரும் கேட்பார்கள். திருவிழா அன்று பாட்டுப் போட வளவு அருமையான இடம். ஆனால் ஒரு ஸ்பீக்கர் நல்லதா என்று முடிவு செய்ய அது தோதுப்படாது. நடுவில் வானம் திறந்திருக்கிறது, சுற்றிலும் தூண்கள், பேஸ் என்கிற தாழ்ந்த ஒலி வெளியே போய்விடும். பக்கத்து அறைதான் சரி. அதிலும் பத்துக்குப் பத்து சதுர அறை என்றால் கொஞ்சம் உஷார்: பத்தடி நீளத்துக்கு ஏறக்குறைய 56 ஹெர்ட்ஸில், அதாவது பேஸ் பகுதியில், ஒலி தேங்கி நிற்கும். நீளம், அகலம் இரண்டும் ஒன்று என்பதால் அதே இடத்தில் இரண்டு மடங்காகத் தேங்கும். நீளமான அறை கிடைத்தால் அதையே எடுங்கள்.

படி 2: பெட்டியைக் கண்ணாலும் கையாலும் பாருங்கள்

பெரும்பாலானவை இரண்டு வழி ஸ்பீக்கர்கள். கீழே தாழ்ந்த ஒலிக்கு ஐந்து முதல் ஆறரை அங்குல வூஃபர், மேலே உயர்ந்த ஒலிக்கு ஓர் அங்குல ட்வீட்டர். இரண்டுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுப்பது உள்ளே இருக்கும் கிராஸ்ஓவர். வழக்கமாக 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸுக்குள் பிரிக்கும். நம் காது மிகக் கூர்மையாக இருக்கும் பகுதியும் ஏறக்குறைய அங்கேதான். அதனால் அந்த இணைப்பில் பிசகு இருந்தால் குரலில் உடனே தெரிந்துவிடும்.

பக்கவாட்டுப் பலகையை விரல் முட்டியால் தட்டுங்கள். "தொப்" என்று அடங்கினால் நல்லது, "டங்" என்று நீண்டு ஒலித்தால் பாட்டு ஓடும்போது பெட்டியும் சேர்ந்து பாடும். ஆனால் கனமாக இருந்தால்தான் நல்லது என்றும் முடிவு கட்டாதீர்கள். 1970களில் பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கரில் பலகை மெல்லியதுதான். உள்பக்கம் அதிர்வை அடக்கும் பட்டைகளை ஒட்டி, குரலுக்கு இடைஞ்சல் வராமல் பார்த்துக்கொண்டார்கள். இன்றைக்கும் அதற்கு ரசிகர்கள் இருக்கிறார்கள்.

பழைய ஸ்பீக்கர் வாங்குகிறீர்களா? வூஃபரைச் சுற்றியிருக்கும் வளையத்தைப் பாருங்கள். ரப்பர் நீண்ட நாள் உழைக்கும். ஃபோம் என்றால் வருடங்கள் போகப் போகப் பொடிந்துவிடும், லேசாக விரல் வைத்தாலே தூளாக வரும். அடுத்து, இரண்டு கை விரல்களையும் கூம்பின் எதிரெதிர்ப் பக்கம் வைத்து, மெதுவாக, சமமாக உள்ளே தள்ளி விடுங்கள். சத்தமில்லாமல் போய் வர வேண்டும். "கரகர" என்று உரசினால் உள்ளிருக்கும் கம்பிச்சுருள் பழுது, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். ட்வீட்டரின் குமிழை மட்டும் தொடவே கூடாது.

விவரக் குறிப்பில் ஒரே ஒரு எண்ணைக் கவனித்துப் படியுங்கள்: சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரே பவருக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது. 85 டெசிபல் ஸ்பீக்கரை 88 டெசிபல் ஸ்பீக்கர் அளவு சத்தமாகக் கேட்க இரண்டு மடங்கு பவர் தேவை. உங்கள் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) சிறியதென்றால் இது முக்கியம். மின்தடை நான்கு ஓம் உள்ள ஸ்பீக்கர் என்றால் ஆம்ப் அதைத் தாங்குமா என்றும் பார்த்துவிடுங்கள்.

படி 3: வைக்கும் இடம்

பெயர்தான் புக்‌ஷெல்ஃப், அலமாரிக்குள் திணிக்காமல் ஸ்டாண்டில் வையுங்கள். பின்பக்கம் காற்றுத் துளை இருந்தால் சுவரிலிருந்து குறைந்தது ஓர் அடி தள்ளி இருக்கட்டும். மூலையில் வைத்தால் பேஸ் ஊதிப்போய்க் கேட்கும். இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே ஆறு, ஏழு அடி. நீங்கள் உட்காரும் இடமும் அதே தூரத்தில்.

ட்வீட்டர் உங்கள் காது உயரத்துக்கு வர வேண்டும். பட்டாலையில் பாய் விரித்து உட்கார்ந்து கேட்கும் வழக்கம் இருந்தால் ஸ்டாண்டின் உயரத்தையும் அதற்கேற்பக் குறையுங்கள். ஊஞ்சல் வேண்டாம், தலை நகர நகர ஒலியும் மாறும்.

ஒயரில் சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு சரியாகப் போயிருக்கிறதா? ஒரு ஸ்பீக்கரில் மாறிப்போனால் பேஸ் காணாமல் போகும், குரல் நடுவில் நிற்காது.

படி 4: சத்தத்தைச் சமப்படுத்துங்கள்

இரண்டு ஜோடிகளை ஒப்பிடும்போது சத்தம் அதிகமாக இருப்பதுதான் நல்லதாகத் தோன்றும். ஒரு டெசிபல் வித்தியாசமே ஏமாற்றப் போதும். போனில் சத்தம் அளக்கும் ஆப் ஒன்றை இறக்கி, ஒரே இடத்தில் வைத்து, இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஒப்பிட வேண்டும். இதைச் செய்யாத ஒப்பீட்டை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை.

படி 5: கேட்பது

நேரில் கேட்டுப் பழகிய ஒலிதான் உரைகல். நமக்கு அந்தக் கொடுப்பினை உண்டு. குன்றக்குடியிலோ பிள்ளையார்பட்டியிலோ நாகஸ்வரம் கேட்காதவர் இந்தப் பக்கம் யார்?

முதலில் தெரிந்த ஒருவரின் குரல். பாடுபவர் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்க வேண்டும். "ச", "ஸ" வரும் இடங்களில் காது கூசினால் ட்வீட்டரோ அறையோ காரணம்; ஜமுக்காளத்தை இழுத்துப் போட்டு எது என்று பாருங்கள்.

அப்புறம் மிருதங்கம். அதன் வலப்பக்கமான வலந்தலையில் பூசிய கருப்பு வட்டம்தான் அந்தத் தோலுக்கு ஸ்ருதி கொடுக்கிறது என்பதை சி.வி. ராமன் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நல்ல ஸ்பீக்கரில் அந்த ஸ்ருதி பாடகரின் ஸ்ருதியோடு சேர்வது தெரியும். இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கி என்ற ஒலி ஒரே "தொம் தொம்" என்று வந்தால், ஸ்பீக்கரின் பேஸ் அளவுதான் அதிகம், தெளிவு இல்லை.

எனக்கு எல்லாவற்றிலும் கடினமான பரீட்சை வீணை. காரைக்குடி சகோதரர்கள் என்ற வீணைக் கலைஞர்கள் சுப்பராமையரும் சாம்பசிவையரும் ஊர்ப் பெயரையே ஒரு பாணிக்கு வாங்கித் தந்த மண் இது. வீணையைத் தாழ்ந்த சத்தத்தில் போடுங்கள். ஒரு மீட்டு மீட்டிவிட்டு, தந்தியை இழுத்தே அடுத்தடுத்த ஸ்வரங்களைத் தொடும் இடத்தைத் தேடுங்கள். முதலில் நகம் படும் சின்ன "டிக்". பிறகு ஒலி தேய்ந்துகொண்டே போகும், கமகம் மட்டும் அசைந்துகொண்டிருக்கும். அந்தக் கடைசி இழை வரை கேட்டால் ஸ்பீக்கர் தேறிவிட்டது. பாதியிலேயே அறுந்த மாதிரி இருந்தால், மின்விசிறியை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை கேளுங்கள். அப்போதும் வரவில்லையென்றால் அடுத்த ஜோடியைப் பார்க்கலாம்.

கடைசியாக நாகஸ்வரம், கொஞ்சம் சத்தம் கூட்டி. கிராஸ்ஓவர் பகுதியை இதுபோல உலுக்கும் கருவி குறைவு. மேலே போகப் போகக் கத்தலாக மாறாமல், குழலின் முழுமை குறையாமல் வர வேண்டும்.

கடையில் பத்து நிமிடம் கேட்டு முடிவெடுக்காதீர்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்க் கேட்டுவிட்டுத் திருப்பித் தர முடியுமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே பேசி, பில்லில் எழுதி வாங்குங்கள். அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.