பெரிய ஆள் போன பிறகு வைட் ரிசீவர் வரிசையை மறுபடி கட்டுவது எப்படி

நான் சொல்லும் ஃபுட்பால் கல்லாங்கில் நம் லயன்ஸ் ஆடும் பந்து இல்லை. ஹெல்மெட் போட்டு ஆடும் அமெரிக்க ஆட்டம். சிங்கப்பூரில் இதை விடாமல் பார்ப்பவர்கள் குறைவு, அதற்குக் காரணமும் உண்டு: ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்கள் நமக்குத் திங்கள் அதிகாலை 1 மணிக்குத் தொடங்கும், நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் 2 மணி ஆகிவிடும். சரக்குக் கிடங்கில் இரவு ஷிஃப்டுக்கு ஆள் போடுவது என் வேலை, அதனால் அந்த நேரம் எனக்குப் பழக்கம்தான். தேசிய சேவையில் இருக்கும் அக்கா மகன் முகாமிலிருந்து வெளியே வந்ததும் வீடியோ கேமில் அந்த ஆட்டத்தின் பெரிய லீக்கான என்எஃப்எல்லில் ஓர் அணியை எடுத்து நடத்துகிறான். "மாமா, ரெண்டு நல்ல ரிசீவரும் போயிட்டாங்க, யாரை வாங்கலாம்?" என்று போன மாதம் கேட்டான். ரிசீவர் என்பவர் முன்னால் ஓடிப்போய், குவார்ட்டர்பேக் எறியும் பந்தைப் பிடிப்பவர். அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நிஜ அணிக்கும் வழி இதுதான்.

யாரை வாங்கலாம் என்ற கேள்வியைத் தள்ளி வையுங்கள். போனவர் என்னென்ன வேலை செய்தார் என்று முதலில் எழுதுங்கள். எங்கள் கிடங்கில் ஒரு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் நின்றுவிட்டால் அவரைப் போலவே இன்னொருவரை நான் தேடுவதில்லை, எந்த வாசலில் எத்தனை மணிக்கு ஆள் இல்லை என்றுதான் பார்ப்பேன்.

ரிசீவருக்கு மூன்று இடங்கள். பந்து வைத்திருக்கும் அணியில் குறைந்தது ஏழு பேர், பந்து வைக்கப்பட்டிருக்கும் கோட்டின் மேல் நிற்க வேண்டும் என்பது விதி. அதனால் ஒரு ரிசீவர் ஓரத்தில், கோட்டிலேயே நிற்க வேண்டியிருக்கும். அவர் 'எக்ஸ்'. எதிரணிக் கார்னர்பேக் அவர் முகத்துக்கு நேரே வந்து நின்று, பந்து கிளம்பியதும் நெஞ்சில் கை வைத்துத் தடுப்பார். அந்தக் கையைத் தட்டிவிட்டுக் கிளம்பத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், விலையும் அவர்களுக்குத்தான் அதிகம். 'இஸட்' இன்னொரு பக்கம் ஓரடி பின்னால் நிற்பார். அவரை ஆட்டம் தொடங்கும் முன்பே குறுக்கே நகர்த்தலாம், தடுப்பவர் கை அவரை எட்டுவதும் கஷ்டம். மூன்றாவது 'ஸ்லாட்': உள்பக்கம் நின்று, கூட்டத்துக்கு நடுவே இடைவெளி கண்டுபிடிப்பவர். இங்கே உயரத்தைவிட மூளை முக்கியம். போனவர் இந்த மூன்றில் எதைச் செய்தார், மூன்றாவது முயற்சியில் (பத்து யார்டு முன்னேற நான்கு முயற்சிதான்) குவார்ட்டர்பேக் யாரைத் தேடினார், ஓட்ட ஆட்டத்தில் (பந்தை எறியாமல் தூக்கிக்கொண்டு ஓடுவது) யார் எதிரணியை முட்டிக் கொடுத்தார் என்பதையெல்லாம் எழுதியானதும், அணியில் ஏற்கெனவே இருப்பவர்களின் பெயரை எதிரே போடுங்கள். கோட்டின் முனையில் நின்று முட்டவும் பந்து பிடிக்கவும் செய்யும் டைட் எண்டையும் விட்டுவிடாதீர்கள். 2022-இல் டைரீக் ஹில் என்ற பெரிய ரிசீவரை மயாமிக்குக் கொடுத்துவிட்டு கான்சாஸ் சிட்டி அதே பருவத்தில் சூப்பர் போல் இறுதி ஆட்டத்தை வென்றது என்றால், உள்பக்க வேலையில் பாதியை டிராவிஸ் கெல்சி என்ற டைட் எண்ட் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார். குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டும் இல்லாத அணி அதைப் பார்த்துக் காப்பியடித்தால் கஷ்டம்தான்.

அடுத்தது பணம். ஒவ்வோர் அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. 2024-இல் அது 255.4 மில்லியன் அமெரிக்க வெள்ளி. ஒப்பந்தம் போடும்போது கையில் கொடுக்கும் போனஸைக் கணக்கில் ஐந்து ஆண்டுவரை பிரித்து எழுதலாம். ஆனால் ஆளை நடுவில் விற்றுவிட்டால் எழுதாமல் பாக்கியிருப்பது பெரும்பாலும் மொத்தமாக அந்த ஆண்டுக் கணக்கில் விழும். இதை 'டெட் மணி' என்பார்கள். ஆள் இன்னோர் ஊரில் ஆடுவார், உங்கள் கணக்கில் அவருக்கு இடம் இருக்கும். 2024 ஏப்ரலில் பஃபலோ பில்ஸ் அணி தன் முதல் ரிசீவர் ஸ்டெஃபான் டிக்ஸை ஹூஸ்டனுக்கு அனுப்பியபோது அப்படி விழுந்தது சுமார் 31 மில்லியன், உச்சவரம்பில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. எனவே மீதி எவ்வளவு என்று பார்க்காமல் ஒப்பந்தம் முடிந்த ஆட்களை வாங்கும் மார்ச் மாதச் சந்தைக்குப் போகாதீர்கள். அந்தச் சந்தையில் யாராவது ஒருவருக்கு 'நம்பர் ஒன்' என்று பட்டம் கட்டித்தான் விற்பார்கள். உண்மையான நம்பர் ஒன்னை அவருடைய அணி பெரும்பாலும் சந்தைக்கே விடாது. 2024-இல் ஜஸ்டின் ஜெஃபர்சனுக்கு ஆண்டுக்கு 35 மில்லியன் கொடுத்து மினசோட்டா பிடித்து வைத்துக்கொண்டது.

பஃபலோ அப்புறம் செய்ததைத்தான் நான் பாடமாக வைத்திருக்கிறேன். டிக்ஸ் போன அதே மாதங்களில் இரண்டாவது ரிசீவரான கேப் டேவிஸும் ஜாக்சன்வில்லுக்குப் போய்விட்டார். பெரிய பெயர் எதையும் அவர்கள் துரத்தவில்லை. 2022 டிராஃப்டில் (கல்லூரி ஆட்களை அணிகள் சுற்றுச் சுற்றாக முறைவைத்து எடுப்பது) ஐந்தாம் சுற்றில் எடுத்த கலீல் ஷகீரிடம் ஸ்லாட்டைக் கொடுத்தார்கள். ஓரத்துக்கு உயரமான கியான் கோல்மனை டிராஃப்டில் 33-ஆவதாக எடுத்தார்கள். கர்ட்டிஸ் சாமுவேலை நடுத்தர விலைக்கு வாங்கினார்கள். மேக் ஹாலின்ஸை ஓராண்டுக்கு மலிவாகப் பிடித்தார்கள் (ஊரெல்லாம் வெறுங்காலோடு நடப்பவர், ஆனால் முட்டிக் கொடுப்பதில் கில்லாடி). யாரும் தனியாக டிக்ஸ் ஆகவில்லை. அந்தப் பருவத்தில் அணி 13 ஆட்டங்களில் வென்றது. குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலன் முந்திய ஆண்டு எதிரணிக்குக் கொடுத்த 18 பந்துகள் 6-ஆகக் குறைந்தன, பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருதும் அவருக்கே. ஒரே ஆளுக்குப் பந்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் போனதும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். குறை இல்லாமலும் இல்லை. ஓரத்தில் நின்று தடுப்பாளரை உதறுகிற ஆள் போதவில்லை என்று அக்டோபரில் அமாரி கூப்பரை வாங்க வேண்டி வந்தது.

இப்போது டிராஃப்ட். முதல் சுற்று நமக்கு வெள்ளிக்கிழமை காலை 8 மணி. எல்லாரும் அதைப் பார்ப்பார்கள். ரிசீவர் தேடுகிறவர் விழித்திருக்க வேண்டியது சனிக்கிழமை காலை 7 மணிக்கு, தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்க நிற்கும் நேரத்தில். இரண்டாம், மூன்றாம் சுற்றுகள் அப்போதுதான் தொடங்கும். புதிதாக வருபவரின் ஒப்பந்தம் நான்கு ஆண்டு, சம்பளம் எடுக்கப்பட்ட இடத்தை வைத்து முடிவாகிவிடும். 2024-இல் இரண்டாம் சுற்று ஆள் ஆண்டுக்கு 3 மில்லியனைத் தாண்டவில்லை. அந்த விலைக்கு ஒருவரோடு நிற்காதீர்கள், இரண்டு பேரை எடுங்கள். கிரீன் பே அப்படித்தான் செய்தது. 2022-இல் டவாண்டே ஆடம்ஸை விற்றபின் அந்த ஆண்டே இரண்டாம் சுற்றில் கிறிஸ்டியன் வாட்சன், நான்காம் சுற்றில் ரோமியோ டப்ஸ். அடுத்த ஆண்டு இரண்டாம் சுற்றில் ஜேடன் ரீட், ஐந்தாம் சுற்றில் டொன்டேவியன் விக்ஸ். 2024 ஜனவரியில் அந்தப் பொடியன்களை வைத்துக்கொண்டு டல்லஸுக்கே போய் 48-32 என்று அடித்தார்கள்.

ஒருவரை மட்டும் எடுத்து, போனவரின் நாற்காலியில் அவரை உட்கார வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு டென்னஸி சாட்சி. 2022 டிராஃப்ட் இரவில் ஏ.ஜே. பிரவுனை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்துவிட்டு, கிடைத்த 18-ஆம் இடத்தில் டிரெய்லன் பர்க்ஸை எடுத்தார்கள். பிரவுன் அந்தப் பருவத்தில் 1,496 யார்டு. பர்க்ஸ் 444. டிசம்பரில் பிரவுன் தன் பழைய அணிக்கு எதிராகவே இரண்டு டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோவது) போட்டார், இரண்டே நாளில் டென்னஸியின் பொது மேலாளருக்கு வேலை போனது. பையனைக் குறை சொல்ல மாட்டேன், அந்த ஒப்பீட்டை யார் தாங்குவார்கள்? சரி, 2020-இல் மினசோட்டா டிக்ஸைப் பஃபலோவுக்கு விற்று, பதிலுக்குக் கிடைத்த டிராஃப்ட் இடத்தில் ஜெஃபர்சனை எடுத்ததே என்று கேட்பீர்கள். எடுத்தது உண்மை. அதே டிராஃப்டில் அவருக்கு முன்னால் நான்கு ரிசீவர்கள் போயிருந்தார்கள் என்பதும் உண்மை. அப்படி நடக்கும் என்று திட்டம் போட முடியாது.

ஓட்ட வேகத்தைப் பார்த்து மயங்காதீர்கள். 2017-இல் ஜான் ராஸ் 40 யார்டை 4.22 விநாடியில் ஓடினார், சின்சினாட்டி 9-ஆவதாக எடுத்தது. முதல் பருவத்தில் ஒரு பந்துகூட அவர் பிடிக்கவில்லை. அதே டிராஃப்டில் 4.62 ஓடிய கூப்பர் கப் 69-ஆவதாகப் போனார். 2021-இல் அவர் 145 பந்து பிடித்து 1,947 யார்டு எடுத்தார். நான் பார்ப்பது வேறு: முழு வேகத்தில் ஓடிவந்து எத்தனை அடியில் நின்று திரும்புகிறார், கல்லூரியில் எக்ஸ் இடத்தில் நின்றிருக்கிறாரா, பந்து பக்கத்தில் வராத ஆட்டத்திலும் ஒழுங்காக ஓடுகிறாரா. கடைசியைத் தொலைக்காட்சிப் படத்தில் பார்க்க முடியாது, மேலிருந்து 22 பேரையும் காட்டும் படம் வேண்டும்.

கடைசி இடங்களுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். ஆகஸ்ட் இறுதியில் அணியில் 90 பேர் 53 ஆகக் குறையும்போது ரிசீவருக்கு ஐந்தோ ஆறோ இடம்தான். ஐந்தாவது ஆள் பந்தை எதிரணிப் பக்கம் உதைத்துத் தள்ளும் பண்ட் உதையின்போது ஓடிப்போய் அதைப் பிடிப்பவரை மடக்கத் தெரியாதவர் என்றால் அவர் எவ்வளவு அழகாகப் பந்து பிடித்தாலும் எனக்கு வேண்டாம்.

பருவம் தொடங்கியதும் ஆறு வாரம் பொறுங்கள். குவார்ட்டர்பேக்கும் புது ஆட்களும் ஒரே இடத்தை ஒரே நேரத்தில் நினைக்க அவ்வளவு காலம் பிடிக்கும். அப்புறமும் தாளில் ஏதாவது இடம் காலியாகவே இருந்தால், அதற்கு மட்டும் ஆள் வாங்குங்கள். கான்சாஸ் சிட்டி 2022, 2023, 2024 மூன்று ஆண்டும் அக்டோபரில் ஒரு ரிசீவர் வாங்கியது: கடேரியஸ் டோனி, மீகோல் ஹார்ட்மன், டிஆண்ட்ரே ஹாப்கின்ஸ். ஹார்ட்மன் பழைய ஆள், ஆட்டப் புத்தகம் தெரிந்தவர், அந்தப் பருவத்தின் சூப்பர் போலைக் கூடுதல் நேரத்தில் முடித்த பந்தைப் பிடித்தவரும் அவரே. டோனி முதல் பருவத்தில் சூப்பர் போலில் டச்டவுன் போட்டார். அடுத்த டிசம்பரில் பஃபலோவுக்கு எதிராகப் பந்து கிளம்பும் முன்பே கோட்டைத் தாண்டி நின்று, வென்றிருக்க வேண்டிய ஒரு டச்டவுனையே ரத்தாக்கினார். அக்டோபரில் வாங்கும் ஆளுக்கு நான்காம் சுற்று டிராஃப்ட் இடத்துக்கு மேல் நான் கொடுக்கமாட்டேன்.