சிம் இல்லாத டேப்லெட்டில் மெயிலும் ஆப்பும்

அப்பாவுக்கு வாங்கிய ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் சிம் போட இடமே இல்லை, வைஃபை மட்டும்தான். இந்த மாதிரி டேப்லெட்டை முதல்முறை திறக்கும்போது போனையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கூகுள் கணக்கில் நுழையும்போது கேட்கிற ஓடிபியோ, "நீங்கள்தானா?" என்ற கேள்வியோ பெரும்பாலும் போனுக்குத்தான் வரும். ஏற்கெனவே ஜிமெயில் இருக்கிறதா? அதையே போடுங்கள், பழைய மெயில்கள், சேமித்த தொடர்பு எண்கள் எல்லாம் தானாக வந்துவிடும். யாஹூ, அவுட்லுக் முகவரி இருந்தாலும் தனி ஆப் தேவையில்லை. ஜிமெயில் ஆப்பில் வலது மேல்மூலையில் இருக்கும் வட்டப் படத்தைத் தட்டினால் இன்னொரு கணக்கைச் சேர்க்கலாம்.

ஆப் எதுவானாலும் பிளே ஸ்டோரில் மட்டும் எடுங்கள், மெயிலில் வரும் ஏபிகே கோப்பு (ஆப்பை நேரடியாக நிறுவும் கோப்பு) யார் அனுப்பியதாக இருந்தாலும் தொடவேண்டாம்.

அப்புறம் தமிழ். ஜிபோர்டு என்ற கூகுள் கீபோர்டின் அமைப்புகளில் மொழிகள் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் ஆங்கில எழுத்தில் அடித்தே தமிழில் எழுதும் வசதியும் கிடைக்கும். அப்பாவுக்கு அதற்கெல்லாம் பொறுமையில்லை, மைக்கை அழுத்திப் பேசிவிடுகிறார். முதல் மெயிலில் "குக்கர் எத்தனை விசில் வந்தது" என்று அம்மா கேட்டதும் சேர்ந்தே போயிருந்தது.