பாய்ப்படகுப் பயணக் குறிப்பு: விருதுக்கு அனுப்பும் தரத்தில் எழுதுவது எப்படி?

பாய்மரப் படகுச் சங்கங்கள் சிலவற்றில் பந்தயக் கோப்பையோடு இன்னொரு பரிசும் உண்டு. சிறு படகில் பயணம் போய்வந்தவர்கள் எழுதித் தரும் குறிப்பைப் படித்துக் கொடுப்பது அது. 1929-ல் தொடங்கிய ஐரிஷ் குரூசிங் கிளப்பின் ஃபாக்னர் கோப்பை அந்த வகை. இப்படிப்பட்ட பரிசுக்கு எழுத நெடும்பயணம் போகவேண்டியதில்லை. உங்கள் குறிப்பை வைத்துக்கொண்டு இன்னொருவர் அதே வழியில் பத்திரமாகப் போய்வர முடிந்தால் போதும். தென்தமிழகக் கரையில் உவரியிலிருந்து வடகிழக்கே மணப்பாடு வரை சுமார் 12 கடல் மைல். முதல் குறிப்புக்கு அதுவே தாராளம்.

1. நோட்டு. கெட்டி அட்டை நோட்டும் 2பி பென்சிலும் எடுங்கள். ஈரத்தாளில் பால்பாயிண்ட் பேனா எழுதாது, மைப்பேனா கரையும். உப்பு ஏறிய தாள் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், முழுதாகக் காயாது. பென்சிலை நூலில் கட்டிவிடுங்கள். நேரம், திசை, வேகம், காற்று, அலை, பாய் நிலை, இடம் என்று கட்டங்களை முந்தின இரவே போட்டுவிடுங்கள்.

2. புறப்படும் முன். படகின் நீளம், பாயின் பரப்பு, ஆட்கள், தண்ணீர் (ஆளுக்கு 4 லிட்டர்) எல்லாவற்றையும் முதல் பக்கத்தில் எழுதுங்கள். இந்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் அலை முன்னறிவிப்பையும் அதன் நேரத்தோடு குறியுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் காற்றே இல்லாத நாளிலும் கள்ளக்கடல் வரும். தெற்கே வெகுதொலைவில் எழுந்த அலை அது, இங்குள்ள வானத்தைப் பார்த்துக் கணிக்க முடியாது.

புதியவர்களுக்கு பிப்ரவரி நல்ல மாதம். வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்றில் மணப்பாடு போவது சிரமம்தான், ஆனால் களைத்துத் திரும்பும்போது காற்று பின்னால் இருக்கும். ஆனியிலிருந்து கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும். அப்போது போவது எளிது, திரும்புவதுதான் பாடு.

3. மணிக்கொரு பதிவு. குறிப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வேகம் அறிய, முன்முனையில் ஒரு மரத்துண்டைப் போட்டு அது பின்முனையைத் தாண்டும் வரை விநாடி எண்ணுங்கள். படகின் நீளத்தை (மீட்டரில்) விநாடியால் வகுத்து 1.94-ஆல் பெருக்கினால் நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) கிடைக்கும். 6 மீட்டர் படகு, 4 விநாடி என்றால் 2.9 நாட்.

போனில் உள்ள ஜிபிஎஸ் 2.4 நாட் காட்டுகிறதா? இரண்டில் எதுவும் தவறில்லை. மரத்துண்டு சொல்வது தண்ணீர் மீதான வேகம், ஜிபிஎஸ் சொல்வது தரை மீதான வேகம். குறைந்த அரை நாட், எதிரே வரும் நீவாடு (கடல் நீரோட்டம்). 12 கடல் மைலுக்கு அது 50 நிமிடத்துக்கு மேல் தாமதம் என்று பொருள். இரண்டு எண்ணையும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் எழுதிய குறிப்பில் நீவாடு இருந்ததே தெரியாமல் போய்விடும்.

4. கணியம். கரை அடையாளங்களை வைத்துப் படகு இருக்கும் இடத்தை அறிவது இது. கரையில் இரண்டு அடையாளங்கள் ஒரே கோட்டில் வரும் கணத்தைக் குறியுங்கள். உவரிக் கடலில் கப்பல் மாதா கோவில், அதற்குப் பின்னே மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு முடி. மணப்பாட்டில் மணல் மேட்டுச் சிலுவைக் கோவிலும் கலங்கரை விளக்கமும். ஒரு கோடு மட்டும் இடத்தைச் சொல்லாது, இன்னொரு கோடு அதை வெட்டவேண்டும். வெட்டும் கோணம் 30 பாகைக்குக் கீழே இருந்தால் சின்னப் பிழையும் பெரிதாகிவிடும்.

உவரிக்கு மேற்கே போவதாக இருந்தால், கூடங்குளம் அணுமின் நிலையத்தை ஒட்டிய கடலில் பாதுகாப்புக் கட்டுப்பாடு உண்டு. கடலோரக் காவல் நிலையத்தில் கேட்காமல் போகாதீர்கள்.

5. கரை சேர்தல். மணப்பாட்டு ஆற்றுவாயில் மணல்திட்டு இடம் மாறும். போனவாரம் இருந்த வழி இன்று இருக்காது. அதனால் தேதியும் வெள்ளம் (கடல் ஓதம்) ஏறும் நேரமும் இல்லாத துறைக் குறிப்பு ஆபத்தானது. கரையில் வலை சீர்செய்யும் அண்ணாச்சிமாரிடம் கேட்டு, அவர்கள் சொன்னதை அவர்கள் சொல்லிலேயே எழுதுங்கள்.

6. எழுதி முடித்தல். ஒரு வாரத்துக்குள் எழுதுங்கள், நினைவு தானாக மெருகு போட்டுவிடும். “பயங்கரக் காற்று” என்றால் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. “17 முதல் 21 நாட், எங்கும் வெள்ளை நுரை, 11.40-க்குப் பாயைச் சுருக்கினோம்” என்றால் கிடைக்கும். கிலோமீட்டரையும் கடல் மைலையும் (1.852 கி.மீ.) கலக்காதீர்கள். பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிறு அறுந்ததையும், தாமதமாகப் பாய் சுருக்கியதையும் மறைக்கவேண்டாம். அடுத்துப் போகிறவருக்கு உதவும் வரி அதுதான். கைவரைபடம் ஒன்றும் நனைந்த நோட்டின் நகலும் சேர்த்து அனுப்புங்கள்.