பழைய டீசல் காருக்கு எந்த வேகத்தில் மைலேஜ்? டெல்டா சாலைகளுக்கு ஒரு வழிகாட்டி

மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் சீராகப் போகும்போது லிட்டருக்கு 22 கி.மீ. கொடுக்கும் பழைய டீசல் கார், 100-ல் போனால் 17, 18-க்கு இறங்கும். 120-ல் 14 வந்தாலே அதிகம். தஞ்சாவூரிலிருந்து சென்னைக்குச் சுமார் 340 கி.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டால், 80-ல் பதினைந்தரை லிட்டர், 100-ல் பத்தொன்பதரை லிட்டர். அந்த நாலு லிட்டருக்கு ஈடாகக் கிடைப்பது, தடையே இல்லாத சாலையில் ஐம்பது நிமிடம். டோல்கேட்டும் ஊர்களும் குறுக்கிடும் நிஜச் சாலையில் அதில் பாதி மிச்சமானாலே பெரிது.

காரணம் காற்று. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-ல் காற்று காரைப் பின்னுக்குத் தள்ளும் விசையை 100 என்று வைத்துக்கொண்டால், 60-ல் அது 56, 70-ல் 77, 90-ல் 127, 100-ல் 156, 120-ல் 225. டயர் உருளும்போது ஏற்படும் தடை மட்டும் ஏறக்குறைய மாறாது. ஸ்விஃப்ட், இண்டிகா அளவுள்ள வண்டியில் 60, 65 வரை டயர்த் தடையே பெரிது. அதற்கு மேல் காற்று முந்திக்கொள்ளும். குவாலிஸ், சுமோ, பொலிரோ போன்ற நிமிர்ந்த முகமுள்ள வண்டிகளுக்கு இரண்டு தடையும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஆகவே வேகத்தில் ஒவ்வொரு பத்தைக் கூட்டும்போதும் அவை கூடுதலாகக் குடிக்கும் டீசலும் அதே அளவுக்கு அதிகம்.

டீசல் காரில் இந்த இறக்கம் பெட்ரோல் காரைவிடப் பளிச்சென்று தெரியும். பெட்ரோல் இன்ஜின் லேசான சுமையில் ஓடும்போது, உள்ளே போகும் காற்றைத் தட்டு ஒன்று பாதி அடைத்தே வைத்திருக்கும். அதனால் மெதுவாகப் போனாலும் கொஞ்சம் வீண்தான். அப்படி அடைத்துக் கட்டுப்படுத்துவது பழைய டீசலில் கிடையாது. லேசாக மிதித்தால் அந்த அளவுக்கு மட்டும்தான் டீசல் போகும். மெதுவாகப் போவதன் லாபம் முழுதாகக் கைக்கு வரும்.

உங்கள் வண்டியின் வேகத்தைக் கண்டுபிடிப்பது

வளைவு இல்லாத, வண்டி குறைவான சமதளச் சாலையில் டாப் கியரில் 50-க்கு வாருங்கள். ஆக்சிலேட்டரை மெல்ல அழுத்துங்கள். வண்டி உதறினாலோ, அடியில் தட்டுகிற சத்தம் வந்தாலோ, கண்ணாடியில் கரும்புகை தெரிந்தாலோ அந்த வேகம் டாப் கியருக்குப் போதாது. 5 கூட்டி மறுபடி பாருங்கள். உதறாமல் சுலபமாக ஏறும் மிகக் குறைந்த வேகம் எதுவோ, அதற்கு மேல் 5 முதல் 10 வரைதான் உங்கள் வண்டிக்கு மிகச் சிக்கனமான வேகம். பெரும்பாலான பழைய டீசல்களில் இது 60-க்கும் 70-க்கும் நடுவில் விழும்.

வண்டிக்கு வண்டி மாறும் இடமும் இதுதான். ஸ்விஃப்ட், டிசையர் போன்றவற்றில் உள்ள 1.3 லிட்டர் இன்ஜினின் உச்ச இழுவை 2,000 ஆர்.பி.எம்.மில் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) இருக்கிறது. 1,800-க்குக் கீழே சீராகப் போகலாம். ஆனால் முந்துவதற்கு இழுவை இருக்காது, கியரைக் குறைத்தே ஆக வேண்டும். பழைய 2.5 லிட்டர் இன்னோவாவுக்கு 1,400-லேயே இழுவை வந்துவிடும் என்பதால் குறைந்த வேகத்திலும் டாப் கியர் தாங்கும். நாலு கியர் மட்டுமே உள்ள அம்பாசடர் டீசல் 80-ல் நிறையச் சுற்றுகளில் கத்திக்கொண்டு போகும். அதற்கு 60, 65 போதும்.

திருச்சி–தஞ்சை போன்ற நாலு வழிச் சாலையில் 55-ல் ஊர்ந்தால் பின்னால் வரும் பஸ்ஸுக்கும் லாரிக்கும் தடையாகி ஆபத்தில் முடியும். அங்கே இடது தடத்தில் 75 முதல் 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். மைலேஜும் கெடாது, போக்குவரத்தோடும் ஒட்டிப் போகலாம். மத்திய அரசின் 2018 அறிவிப்பில் கார்களுக்கு, நடுவில் தடுப்புள்ள நாலு வழிச் சாலையில் உச்ச வரம்பு 100, மற்ற சாலைகளில் 70 என்று இருந்தது; 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. அந்தந்த இடத்தில் பலகை சொல்லும் வரம்புதான் கணக்கு.

ஸ்பீடாமீட்டரை அப்படியே நம்ப வேண்டாம். பெரும்பாலும் நிஜ வேகத்தைவிடக் கூட்டியே காட்டும். போனில் ஜி.பி.எஸ். வேகத்தோடு ஒருமுறை ஒப்பிட்டு, எத்தனை கி.மீ. கூடுதல் என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரிய டயர் மாற்றிய வண்டியில் ஓடோமீட்டர் தூரத்தையும் குறைத்துக் காட்டும். அப்போது மைலேஜ் கணக்கே தப்பாகிவிடும். நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் கற்களை வைத்து 10 கி.மீ.க்குச் சரிபார்த்தால் போதும்.

டேங்கில் அளப்பது

டேங்க் ஃபுல் முறைதான் (நிரப்பி ஓட்டி, ஓடிய தூரத்தை மறுபடி நிரப்பிய லிட்டரால் வகுப்பது) நம்பகமானது, ஆனால் டீசலில் நுரை ஏமாற்றும். வேகமாக அடித்தால் நுரை எழும்பி, டேங்க் நிறையும் முன்பே பம்பின் துப்பாக்கி கட் ஆகிவிடும். அதனால் அதே பங்க், அதே பம்ப், வண்டி அதே பக்கம் பார்த்த நிலை. மெதுவாக அடிக்கச் சொல்லி முதல் கட் ஆனதும் இரண்டு நிமிடம் நிறுத்துங்கள். நுரை அடங்கிய பிறகு மறுபடி மெதுவாக, இரண்டாவது கட் வரை. திரும்பி வந்து நிரப்பும்போதும் இதே முறைதான்.

100 கி.மீ. ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவுக்கு வருவது வீண். அந்தத் தூரத்துக்கு 5 லிட்டர்தான் செலவாகும்; நிரப்புவதில் அரை லிட்டர் முன்னே பின்னே ஆனாலே கணக்கு 10 சதவீதம் தப்பும். குறைந்தது 250, 300 கி.மீ. ஒரே வேகத்தில் ஓட வேண்டும். இதற்கென்று தனியாக டீசல் எரிக்க வேண்டியதில்லை. எப்படியும் போகிற பயணங்களில் ஒரு டேங்கை 80-க்கும் அடுத்த டேங்கை 90-க்கும் ஒதுக்குங்கள். காமன் ரெயில் வண்டி (டீசல் தெளிப்பைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துவது) என்றால், அந்தக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓ.பி.டி. கருவியைச் செருகிப் போனில் உடனடிச் செலவைப் பார்க்கலாம். அது காட்டும் எண் துல்லியமாக இருக்காது, ஆனால் 80-க்கும் 100-க்கும் உள்ள வித்தியாசத்தை ஒப்பிடப் பயன்படும். மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய இண்டிகா, குவாலிஸுக்கு டேங்க் கணக்கைத் தவிர வேறு வழியில்லை.

அளக்கும்போது போகவும் வரவும் சேர்த்தே அளங்கள். டெல்டாவில் மேடு பள்ளம் கிடையாது, காற்று உண்டு. ஆனி, ஆடியில் மேல்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து திருச்சி, தஞ்சைப் பக்கம் அடித்து வீசும். அப்போது நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்குப் போனால் முழுக்க எதிர்க்காற்று. மணிக்கு 20 கி.மீ. எதிர்க்காற்றில் 80-ல் போகும் கார், காற்றைப் பொறுத்தவரை 100-ல் போகிறது. திரும்பும்போது 60 ஆகக் குறையும், ஆனால் போகையில் இழந்தது முழுதாகத் திரும்பாது. வர்க்கக் கணக்கில் இரண்டின் சராசரி காற்றில்லாத நாளைவிட 6 சதவீதம் அதிகம். எதிர்க்காற்று நாளில் 70-க்கு இறங்கிப் போனால் அந்த நஷ்டத்தில் ஏறக்குறைய பாதி ஈடாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வந்தால் திசை மாறும். நனைந்த சாலையில் டயர் தண்ணீரைப் பிளந்துகொண்டு போக வேண்டியிருப்பதால் அந்த மாத மைலேஜ் எப்படியும் குறைவுதான். அதை வெயில் கால எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

இரு வழிச் சாலையில் கணக்கே வேறு

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டைப் பக்கம் ஓடுகிறவர்களுக்கு மேலே சொன்ன 80-ஆ 100-ஆ என்ற கேள்வியே பெரும்பாலும் எழாது. இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஓர் ஊர், வேகத்தடை, ஆற்றுப் பாலம், பாலத்துக்கு முன்னால் ஒரு வளைவு. அறுவடைக் காலத்தில் வைக்கோல் ஏற்றிய டிராக்டரும் கதிர் அறுக்கும் மெஷினும் முன்னால் போகும். சாலையில் பாதியில் நெல் காயும். இங்கே டீசலைத் தின்பது பிரேக்.

ஆட்களோடு 1,400 கிலோ எடையுள்ள கார் 80-ல் போகும்போது அதில் இருக்கும் இயக்க ஆற்றலை உண்டாக்க ஏறக்குறைய 30 மில்லி டீசல் செலவாகியிருக்கும். முழுதாகப் பிரேக் போட்டு நின்றால் அது அத்தனையும் பிரேக் சூடாகப் போய்விடும். 100-லிருந்து நின்றால் 45 மில்லி, 60-லிருந்து என்றால் 16 மில்லி. இருபது கிலோமீட்டருக்குள் பத்து முறை 80-லிருந்து அமுக்கி நிறுத்துபவர் 300 மில்லியைப் பிரேக்கில் கொட்டுகிறார். அந்தத் தூரத்துக்கே மொத்தத்தில் ஒரு லிட்டர்தான் செலவாக வேண்டும். நெடுஞ்சாலையில் 20-க்கு மேல் கொடுக்கும் வண்டி ஊர்ச் சாலையில் 15-க்கு இறங்கி, இன்ஜினில் கோளாறு என்று பட்டறைக்குப் போவது பல சமயம் இதனால்தான்.

செய்ய வேண்டியது: இந்தச் சாலைகளில் 60-க்கு மேல் ஏற்றாதீர்கள். வேகத்தடையோ ஊரோ 200 மீட்டருக்கு முன்னால் தெரிந்தால் அப்போதே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கியரில் இருந்தபடியே உருள விடுங்கள். கியரில் வைத்து உருளும்போது, ஐடிலை விட வேகமாகச் சுற்றும்வரை டீசல் இன்ஜினுக்குப் போகும் டீசல் நின்றுவிடும். மெக்கானிக்கல் பம்பிலும், டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னர் இதைச் செய்யும். நியூட்ரலில் போட்டால் ஐடிலுக்கு டீசல் போய்க்கொண்டே இருக்கும். இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டுவதை ஒருநாளும் செய்யாதீர்கள். டீசல் காரில் பிரேக் பூஸ்டருக்கான வெற்றிடத்தை உண்டாக்கும் பம்ப் இன்ஜினோடு சேர்ந்தே ஓடுகிறது. அணைத்தபின் இரண்டு மூன்று மிதியில் வெற்றிடம் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும்.

வேகத்தைக் குறைத்தும் மைலேஜ் வரவில்லையா?

செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள். டயர் காற்றை, வண்டி ஓடுவதற்கு முன் குளிர்ந்த நிலையில், கதவுத் தூணில் ஒட்டியுள்ள அளவுக்கு வையுங்கள். ஆறேழு பேரும் சாமானும் ஏற்றினால் அதே ஸ்டிக்கரில் முழுச் சுமைக்குத் தனி அளவு இருக்கும். கூரை கேரியர் தேவையில்லாத நாளில் கழற்றிவிடுங்கள். வேளாங்கண்ணிக்கும் நவக்கிரகக் கோயில்களுக்கும் மேலே மூட்டை கட்டிப் போகும் வண்டி 90-ல் போனால், சாமானின் எடையைவிட அது காற்றில் நிமிர்ந்து நிற்பதே அதிக டீசலைக் கேட்கும். ஏ.சி. பற்றிச் சுருக்கமாக: ஊருக்குள் கண்ணாடியை இறக்குங்கள், 80-ல் போகும்போது மூடி ஏ.சி. போடுங்கள்.

அடுத்து பிரேக் ஒட்டுகிறதா என்று பாருங்கள். பத்து கிலோமீட்டர் பெரிதாகப் பிரேக் போடாமல் ஓட்டி, உருள விட்டு நிறுத்தி, நாலு வீல் ரிம்முக்கும் அருகில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அந்த வீலின் காலிப்பரில் (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) உள்ள பின்னோ பிஸ்டனோ இறுகியிருக்கிறது. கடற்கரைப் பக்க வண்டிகளில் உப்புக் காற்றில் துருப்பிடித்து இது அடிக்கடி வரும். கிளட்ச் வழுக்குகிறதா என்பதை டாப் கியரில் 70-ல் அழுத்தி மிதித்துச் சோதிக்கலாம்: ஆர்.பி.எம். முள் தாவி, வேக முள் பின்தங்கினால் கிளட்ச் தேய்ந்துவிட்டது.

தெர்மோஸ்டாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும்; இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு அது. நம்ம வெயிலுக்கு இது எதற்கு என்று கழற்றிவிடும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. இது தவறு. நெடுஞ்சாலையில் முன்காற்று ரேடியேட்டரை நன்றாகக் குளிர்விக்கும்போது, வால்வு இல்லாத இன்ஜின் தேவையான சூட்டுக்கே வராது. குளிர்ந்த ஆயிலின் உராய்வு கூடும், எரிப்பு கெடும். காமன் ரெயில் வண்டியில் கம்ப்யூட்டர் இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துக் கூடுதல் டீசல் விடும். மார்கழிக் காலையில் அரை மணி நேரம் 80-ல் ஓடியும் சூட்டு முள் நடுவுக்கு வரவில்லை என்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சில இன்ஜின்களில் வால்வைக் கழற்றினால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, சூடு ஏறுவதும் உண்டு. புத்தகத்தில் சொன்ன டிகிரிக்கே புது வால்வு போடுங்கள். ஆயிலும் அப்படித்தான்: 5W-30 சொல்லியிருக்கும் இன்ஜினில் பழைய வண்டிதானே என்று அதைவிடக் கெட்டியான 20W-50 ஊற்றினால் மைலேஜ் போகும்.

தை, மாசியில் சம்பா அறுவடைத் தூசி ஏர் ஃபில்டரை அடைக்கும். உள்ளிருந்து வெளியே பார்த்து மெதுவான காற்றால் ஊதுங்கள். வெளியிலிருந்து ஊதினால் தூசி தாளுக்குள் இறங்கிவிடும். கறுத்துப்போனதை ஊதிப் பயனில்லை, மாற்றிவிடுங்கள். மழைக்காலத்தில் டீசல் ஃபில்டரின் அடி ஸ்க்ரூவைத் தளர்த்தித் தண்ணீரை ஒரு பாட்டிலில் வடியுங்கள், தெளிந்த டீசல் வந்ததும் மூடுங்கள்.

மிதிக்கும்போது கரும்புகை, கூடவே விசில் சத்தம் என்றால் டர்போவிலிருந்து, அதன் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ் கிழிந்திருக்கலாம். இணைப்பில் ஆயில் ஈரம் காட்டிக்கொடுக்கும். விசில் இல்லாத கரும்புகைக்கு ஏர் ஃபில்டர், இ.ஜி.ஆர். வால்வுக் கரி (எரிந்த புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பி விடும் வால்வு), நாசில் (டீசலைத் தெளிக்கும் பாகம்) என்ற வரிசையில் போங்கள். மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் நாசிலைக் கழற்றி டீசல் பம்ப் கடையில் தெளிப்பும் அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். பனிபோல் தெளிக்காமல் கோடாக ஒழுகினால் நாசில் முனை போய்விட்டது. பம்ப் டைமிங் பின்தங்கியிருந்தால் வெள்ளைப் புகையும் இழுவைக் குறைவும் வரும், முந்தியிருந்தால் தட்டும் சத்தம் கூடும்.

இவற்றில் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே பங்கிலிருந்து அதே சாலையில் அதே வேகத்தில் 300 கி.மீ. ஓட்டி அளங்கள். வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் அது நிரப்பும் பிழையாகவும் இருக்கலாம். இன்னொரு டேங்க் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த பாகத்துக்குப் பணம் செலவழியுங்கள்.