லே போகும் ஜோடிகளுக்கு: முதல் இரண்டு நாள் எங்கேயும் போகாதீர்கள்

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக்கு நடுவில் வளர்ந்த நமக்கு மழையும் வேர்வையும்தான் பழக்கம். லடாக்கின் லே நகரத்தில் ஆண்டு முழுவதும் சேர்த்தாலே 100 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் மழை. பருவமழையை இமயமலை மறித்துவிடுவதால் மலையெல்லாம் மண் நிறத்தில் காய்ந்து கிடக்கும். பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு நானும் வீட்டுக்காரரும் போய் வந்தோம், அதனால் சொல்கிறேன்.

ஜூன் முதல் செப்டம்பருக்குள் போங்கள். இந்தியாவுக்கு இ-விசா எடுத்துவிட்டு, கே.எல்.ஐ.ஏ.வில் இருந்து டெல்லி, அங்கே ஒரு ராத்திரி, மறுநாள் விடியற்காலை லே விமானம். மதியத்துக்கு மேல் காற்று பலமாகிவிடும் என்பதால் பெரும்பாலும் காலையில்தான் விமானங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். லே சுமார் 3,500 மீட்டர் உயரம், கேமரன் மலையின் தானா ராத்தாவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் நம் ஊரில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான், டெல்லியில் இருந்து ஒன்றேகால் மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவதால் உடம்புக்குப் பழகிக்கொள்ள நேரமே இல்லை. என் வீட்டுக்காரர் இறங்கியதும் "எனக்கு ஒன்றுமில்லை" என்று இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார், அன்று ராத்திரி தலைவலி, வாந்தி, மறுநாள் முழுக்கப் படுக்கை. ஆகவே முதல் இரண்டு நாள் சூப் குடியுங்கள், தூங்குங்கள், சாயங்காலம் கடைத்தெருவில் மெதுவாக நடங்கள், பீர் வேண்டாம். உயரத்தால் வரும் தலைவலி, வாந்தியைத் தடுக்கும் டையமோக்ஸ் மாத்திரை பற்றிப் புறப்படும் முன்பே கிளினிக்கில் கேளுங்கள், சல்ஃபா மருந்து ஒவ்வாது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். தினமும் பசியாறும்போது ஒருவரை ஒருவர் விசாரியுங்கள்: தலை வலிக்கிறதா, தூங்கினாயா? நடை தடுமாறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைதான்.

மூன்றாம் நாள் திக்சே மடம், 15 மீட்டர் உயர மைத்ரேய புத்தரின் முகத்துக்கு நேராக நின்று பார்க்கலாம். சாயங்காலம் சாந்தி ஸ்தூபி, படியேறாமல் காரிலேயே போங்கள். அப்புறம் நுப்ரா பள்ளத்தாக்கு. வெளிநாட்டவருக்குப் பெர்மிட் வேண்டும், லேயில் இருக்கும் பதிவுபெற்ற ஏஜெண்டிடம் கடப்பிதழ், விசா நகலைக் கொடுத்தால் எடுத்துத் தருவார். வழியில் 5,300 மீட்டருக்கு மேலே உள்ள கர்துங் லா கணவாயில் படம் எடுத்ததும் இறங்கிவிடுங்கள். நுப்ராவில் உள்ள ஹுண்டர் கிராமம் லேயை விடத் தாழ்வு என்பதால் நன்றாகத் தூக்கம் வரும், மணல்மேடும் இரட்டைத் திமில் ஒட்டகமும் அங்கேதான். பாங்கோங் ஏரி 4,200 மீட்டருக்கு மேல், ஒரு வாரப் பயணத்தில் அங்கே ராத்தங்க வேண்டாம், எனக்கும் ஆசைதான், விட்டுவிட்டோம்.

டெல்லியில் வாங்கும் பிரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள். கம்பளிச் சட்டை, சன்கிரீம், உதட்டுக்குத் தடவ ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள். வானிலை கெட்டால் லே விமானம் ரத்தாகும், அதனால் டெல்லியில் இருந்து திரும்பும் டிக்கெட்டை ஒருநாள் தள்ளியே போடுங்கள், லீவும் அந்தக் கணக்கில் கேளுங்கள்.