கர்ப்ப காலச் சாப்பாடு: நானும் செய்த தப்பு

செவ்வாய்க்கிழமை எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் செக்கப். போன வாரம் ஏழாம் மாதப் பெண் ஒருத்தி வந்தாள். ஹீமோகுளோபின் 8.4. ஐந்தாம் மாதம் 9.1 இருந்தது. "இரும்பு மாத்திரை ஒருநாள்கூட விட்டதில்லக்கா" என்று காலி அட்டைகளைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். எதோடு போடுகிறாய் என்றேன். "காலைல டீயோடதான். அந்த வெள்ளை கால்சியம் மாத்திரையையும் சேத்து முழுங்கிருவேன், மறக்காதுல்ல?"

அவளைத் திட்ட வாய் வரவில்லை. 16 வருஷத்துக்கு முன்னால் தலைப்பிள்ளையைச் சுமந்தபோது, நர்சிங் படித்த நானும் இதையேதான் செய்தேன். எனக்கு டீ இல்லை, ஃபில்டர் காபி.

மதுவும் சிகரெட்டும் ஆகாது என்பது எல்லாருக்கும் தெரியும். அதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

சிவப்பு இரும்பு மாத்திரையும் டீயும்

டீ, காபியில் இருக்கும் துவர்ப்புச் சத்து குடலிலேயே இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ரத்தத்தில் சேரவேண்டியது மலத்தோடு போய்விடும். சாப்பாட்டோடு குடிக்கும் ஒரு டம்ளர் டீயே கீரை, பருப்பிலிருந்து கிடைக்கும் இரும்பைப் பாதிக்கு மேல் குறைத்துவிடும். பாலும் கால்சியம் மாத்திரையும் இதேபோல் குறுக்கே நிற்பவை. நாலாம் மாதத்திலிருந்து தினம் 60 மில்லிகிராம் இரும்பு, 180 நாள் என்று எண்ணி எண்ணிக் கொடுக்கிறோம். அது டீ டம்ளரிலேயே வீணாகிறது.

எனக்கு எட்டாம் மாதம் ஹீமோகுளோபின் 7.8. ஒருநாள் விட்டு ஒருநாள் அயர்ன் சுக்ரோஸ் என்ற இரும்பு மருந்தை ட்ரிப்பில் ஏற்றினார்கள், ஐந்து முறை. நான்காவது தடவை நரம்பு கிடைக்காமல் புறங்கை முழுக்க நீலம் பாரித்துவிட்டது. இத்தனையும் ஒரு காபிக்காக!

வெள்ளை மாத்திரை காலைச் சாப்பாட்டோடு ஒன்று, மதியம் ஒன்று. சிவப்பு மாத்திரை ராத்திரி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, தண்ணீரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ. நெல்லிக்காய் இருந்தால் ஒன்றைக் கடித்துக்கொள்ளுங்கள். வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்கும். படுக்கப்போகும்போது போட்டால் குமட்டலும் அவ்வளவாகத் தெரியாது. மலம் கறுப்பாகத்தான் போகும், பயந்து நிறுத்தாதீர்கள். குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று எந்தப் புண்ணியவதி கிளப்பிவிட்டாளோ, அதற்குப் பதில் சொல்லியே எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் வரும் இரும்பு டானிக்கைப் பாலில் கலந்து குடிக்கிறவர்களும் உண்டு. என்ன சொல்ல!

காபியை அடியோடு விடணுமா?

வேண்டாம். நாளுக்கு இரண்டு சின்ன டம்ளர், மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் தள்ளி.

குங்குமப்பூ

பிள்ளையின் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள்.

ஆஃபாயில்

பிரசவம் முடியட்டும்.

பப்பாளி

பழுத்தது பயமில்லை. காயும் செங்காயும் வேண்டாம், அதன் பால்தான் ஆகாது.

மீன்

சுறாவில் பாதரசம் அதிகம். பிள்ளை பெற்றவளுக்குத்தானே சுறாப்புட்டு என்று இப்போதே ஆரம்பிக்கும் வீடுகள் இருக்கின்றன. மத்தி, நெத்திலி தாராளமாகச் சாப்பிடலாம்.

ஈரல்

ரத்தம் ஊறும் என்று வாராவாரம் ஆட்டு ஈரல் கொடுப்பார்கள். இரும்பு இருப்பது உண்மை. கூடவே வைட்டமின் ஏ கொட்டிக்கிடக்கிறது, அளவு மீறினால் கருவுக்குக் கெடுதல். எனக்கும் கொடுத்தார்கள், சாப்பிட்டுவிட்டு உடனே காபி குடித்தேன்.

திருநீறு, பச்சரிசி, சாக்பீஸ்

தின்னத் தோன்றினால் மாமியாரிடம் மறைத்தாலும் நர்ஸிடம் மறைக்காதீர்கள். பெரும்பாலும் ரத்தசோகைதான் அப்படிக் கேட்கவைக்கும். போன வாரம் வந்தவளின் பை ஓரத்திலும் ஒரு திருநீற்றுப் பொட்டலம் இருந்தது.